பதினேழு மாதம் ஜப்பானிய மொழி படித்தும் வாய் திறக்க முடியாமல் போன அனுபவம்

2023 மார்ச்சில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு எனக்கு ஜூம் வழியாக ஒரு நேர்காணல். ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில், ஃபேன் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலில் நின்றுகொண்டு தெருவில் காய்கறி வண்டி வந்தால் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் இரண்டு பேர். சுய அறிமுகம் சொல்லச் சொன்னார்கள், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன், சிரித்தார்கள், தலையாட்டினார்கள். அடுத்த கேள்வி, 'யாகின் வா த்சுகி நி நன்காய் அரிமாஸ் கா?' எனக்குக் காதில் விழுந்தது கடைசி 'கா' மட்டும்தான். கேள்வி என்று தெரிந்தது. 'ஹாய்' என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவர்கள் கேட்டது, 'மாதத்துக்கு எத்தனை நைட் டியூட்டி பார்க்கிறீர்கள்?' என்று. அந்த அம்மா இன்னொரு முறை மெதுவாகக் கேட்டார். நான் இன்னொரு முறை 'ஹாய்' என்றேன். நான்கு நிமிடத்தில் நேர்காணல் முடிந்தது. அதற்கு முன் பதினேழு மாதம் படித்திருந்தேன். மாதம் எட்டு நைட் டியூட்டி பார்க்கிறவள் நான். அதைச் சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவு தூங்கவில்லை. அழுதேன் என்பதைவிட, கோபம்தான் அதிகம். யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரே ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இவ்வளவு பணமும் காலமும் போயிருக்காதே என்று தோன்றியது. அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன். இங்கே ஜப்பானியச் சொற்களை வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உச்சரிப்பை இதைப் பார்த்துப் பழகாதீர்கள், காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் நர்சிங் டிப்ளமோ முடித்து வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். சம்பளம் 14,000 ரூபாய். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு நர்ஸ் இருப்பார்கள், வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன அக்காக்களின் கதையும் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் மட்டும் புதிது. அந்த நாடு 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று ஒரு விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் அதற்காக ஒப்பந்தம் போட்டன. பராமரிப்பு வேலையும் அதில் உண்டு. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) என்4 நிலை, அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற இன்னொரு மொழித் தேர்வு, கூடவே பராமரிப்புக்கான தனித் தேர்வுகள் தேவை. இதைக் கேள்விப்பட்டு 2021 அக்டோபரில் படிக்கத் தொடங்கினேன். முதல் தவறு இங்கேயே நடந்துவிட்டது. 'எந்தத் தேர்வு எழுத வேண்டும்' என்றுதான் விசாரித்தேன். 'அங்கே போய் யாரிடம் என்ன பேசப் போகிறேன்' என்று யோசிக்கவே இல்லை.

முதலில் போனில் ஒரு ஆப். இலவசமாகத் தொடங்கி, இரண்டே வாரத்தில் 4,500 ரூபாய் கட்டி ஒரு வருடச் சந்தா எடுத்தேன். தினமும் தவறாமல் செய்தேன். ஐந்து மாதம் ஒரு நாள்கூட விடவில்லை, நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு எழுந்த கண்ணோடுகூடச் செய்திருக்கிறேன். நான்கு விடையில் ஒன்றைத் தொடுவது, கட்டங்களை வரிசைப்படுத்துவது, இவ்வளவுதான் அதில் இருந்த வேலை. விடை கண் முன்னால் இருந்தால் தொடத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொல்லச் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது. ஐந்து மாதமும் அப்படி யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து பழகவும், சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ளவும் அது உதவும். ஒரு வருடச் சந்தாவை மட்டும் ஒரு மாதம் பார்க்காமல் கட்டாதீர்கள்.

எழுத்து என்று சொன்னேனே, அதில் எனக்கு நேர்ந்தது தமிழ் படித்த எல்லோருக்கும் நேரக்கூடியது. ஜப்பானிய மொழியின் இரண்டு எழுத்து வரிசைகள், ஹிரகானா 46, கதகானா 46 என்று எழுத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு நோட்டுப் போட்டு எல்லாச் சொல்லையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். என் நோட்டில் இரண்டுக்கும் 'கின்' என்றே எழுதியிருந்தேன். தங்கத்தில் வருவது 'கண்'ணின் க. வெள்ளியில் வருவது 'காந்தி'யின் க. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஜப்பானிய மொழியில் அர்த்தமே மாறிவிடும். த, ப எழுத்துகளிலும் இதே கதைதான். இப்படி அறுநூறு எழுநூறு சொற்களைத் தப்பான ஒலியோடு மண்டையில் ஏற்றியிருந்தேன், பிற்பாடு அதைக் கழற்ற எனக்கு நான்கு மாதம் ஆனது. ஹிரகானாவை ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து வீதம் எழுதிப் பழகினால் பத்து நாளில் முடிந்துவிடும், கதகானா இன்னொரு பத்து நாள். அந்த மூன்று வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். தமிழ் எழுத்தோ ஆங்கில எழுத்தோ அதன் பிறகு நோட்டில் வரவே கூடாது. ஒன்று மட்டும் நமக்குச் சாதகம். குறில் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறவியிலேயே வரும். 'ஒபாசன்' என்றால் அத்தை, 'ஒபாஅசன்' என்று நீட்டினால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்கு மாதக்கணக்கில் திணறுகிறார்கள். 'படம்', 'பாடம்', 'பட்டம்' என்று பேசி வளர்ந்த காதுக்கு அது சாதாரணம்.

அப்புறம்தான் பெரிய செலவு. 2022 மார்ச்சில் ஒரு ஆன்லைன் வகுப்பு. கட்டணம் 28,000 ரூபாய், மொத்தமாக முன்பணம். அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்துக் கட்டினோம். சேரும்போது போனில் பேசியவர்கள் 'ஆறு மாதத்தில் சரளமாகப் பேசுவீர்கள்' என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வகுப்பில் அறுபது பேர், எல்லோருடைய மைக்கும் அணைத்திருக்கும். ஆசிரியர் இலக்கணத்தை ஆங்கிலத்தில் விளக்குவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஒன்றரை மணி நேரம். நான் கணக்குப் பார்த்தேன், ஏழு மாதத்தில் என் குரல் அந்த வகுப்பில் ஒலித்தது மூன்றே முறை. ஒரு முறை 'கேட்கிறதா' என்பதற்குப் பதில். இரண்டாம் மாதத்திலேயே விலகலாம் என்று நினைத்தேன். பணம் திரும்பக் கிடைக்காது என்று சேர்க்கைப் படிவத்தின் அடியில் எழுதியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. போனில் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். விளம்பரத்துக்காக நடத்தும் மாதிரி வகுப்பு போதாது, உண்மையான வகுப்பு வேண்டும். அதில் மாணவர்கள் பேசும் நிமிடங்களைக் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடமாவது வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றால் அது பேச்சுப் பயிற்சி இல்லை, அதற்குப் பெயர் சொற்பொழிவு. எத்தனை பேர் சேர்ப்பார்கள், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மாதாமாதம் கட்ட வழி இல்லாத இடத்தில் சேர வேண்டாம். 'இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தினால் அன்று கண்டிப்பாகக் கட்டாதீர்கள்.

புத்தகத்துக்கு 5,200 ரூபாய். யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். 'மின்னா நோ நிஹோங்கோ' பலரும் படிக்கிற நல்ல புத்தகம். ஆனால் அதன் முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருக்கும், விளக்கம் தனிப் புத்தகம். அது தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். வகுப்பறையில் ஆசிரியர் இருந்து நடத்துவதற்கு ஏற்ற அமைப்பு அது. தனியாகப் படிக்கிறவருக்கு 'கெங்கி' கொஞ்சம் எளிது, விளக்கம் உள்ளேயே ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டில் ஏதோ ஒன்று போதும். என்னிடம் ஐந்து புத்தகம் இருந்தன, ஐந்திலும் மூன்றாவது பாடத்தோடு நின்றிருந்தேன்.

ஆக ஆப் 4,500, வகுப்பு 28,000, புத்தகம் 5,200. மொத்தம் 37,700 ரூபாய், தேர்வுக் கட்டணமும் ரயில் செலவும் இதில் சேராது. கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம்.

2022 டிசம்பர் முதல் ஞாயிறு, காட்பாடியில் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் என்5 எழுதினேன். ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது, என்5 முதல் என்1 வரை எதிலும் இல்லை. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவுதான். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்து நிரப்புவது. 180க்கு 128 வாங்கித் தேறினேன். தேர்ச்சிக்கு 80 போதும். வீட்டில் கேசரி செய்தார்கள். மதிப்பெண் தாளை இன்று எடுத்துப் பார்த்தால் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது. சொல், இலக்கணம், வாசிப்பில் 120க்கு 104. கேட்டலில் 60க்கு 24. கேட்டலில் 19 வாங்கினால் தேர்ச்சி என்பதால் அந்த 24 யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். உங்கள் தாளில் இந்த இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் இருந்தால் அடுத்த நிலைக்கு ஓடாதீர்கள். ஜேஎஃப்டி பேசிக்கிலும் கணினியில் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான், வாய் திறக்க வேண்டியதில்லை. தேர்வு கேட்காததை நேர்காணல் கேட்கும். அந்த நேர்காணல் எப்படி முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை பணம் இல்லை என்பதே ஒரு விதத்தில் நல்லதாகப் போனது, எதையும் யோசிக்காமல் வாங்க முடியவில்லை. எந்தப் பாடம் கையில் வந்தாலும் அதன் முன் மூன்று கேள்வி கேட்டேன். எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் இதைப் படிக்க முடியுமா? பாடம் முடிந்ததும் நான் சத்தமாக ஒரு வாக்கியமாவது என் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லியிருப்பேனா? இதில் பேசுகிறவர்கள் நான் சந்திக்கப் போகிறவர்களைப் போலப் பேசுகிறார்களா? மூன்றாவது கேள்வியில் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், அடிபட்டுப் போனது. ஆறு மாதம் தினமும் அனிமே பார்த்ததில் என் காதில் நின்றது 'ஒமாயே' போன்ற சொற்கள். நம் ஊரில் பெரியவரைப் பார்த்து 'டேய், நீ' என்பது மாதிரி அது. வினையின் கடைசியில் 'மாஸ்' சேர்த்துப் பேசுவது நம் 'வாங்க, உட்காருங்க' என்பதில் உள்ள 'ங்க' போல. எண்பது வயதுப் பாட்டியைக் குளிப்பாட்டப் போகிறவளுக்கு முதலில் வேண்டியது அந்த 'ங்க'தான். அனிமே பார்க்கலாம், அதிலிருந்து பேச்சை எடுப்பது மட்டும் வேண்டாம்.

இந்த மூன்று கேள்விக்கும் நின்றது ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட 'இரோதோரி'. ஜப்பானில் வாழவும் வேலை செய்யவும் வருகிற வெளிநாட்டவருக்காகவே எழுதியது. புத்தகம், ஒலி இரண்டையும் அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடக்கம் ஒன்று, அதற்கு மேல் அடிப்படை நிலை இரண்டு என்று மூன்று பாகம். 'இந்தப் பாடம் முடிந்தால் உன்னால் இதைச் சொல்ல முடியும்' என்று ஒவ்வொரு பாடத்திலும் குறித்திருப்பார்கள். 28,000 ரூபாய் கட்டிய எனக்கு, இலவசமாகக் கிடந்த இதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் படித்த முறை இதுதான். முதலில் புத்தகத்தைத் திறக்காமல் உரையாடலை ஐந்து முறை கேட்பேன். அடுத்து பேசுகிறவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, அரை நொடி இடைவெளியில் நானும் சொல்வேன். அதன் பிறகே எழுத்து. கடைசியில் அதே உரையாடலில் என் ஊரையும் என் வேலையையும் போட்டு, போனில் பதிவு செய்து கேட்பேன். என் குரலை முதன்முதலாகக் கேட்டபோது அணைத்துவிடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேளுங்கள், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று வேறு யாராலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. என்.எச்.கே. வேர்ல்டு நடத்தும் எளிய ஜப்பானியப் பாடங்களும் இலவசம்தான். சிறிய பாடங்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளக்கம் உண்டு. நான் அதை மருத்துவமனைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் கேட்டேன்.

எனக்கு உண்மையாகவே கதவு திறந்தது வேறு ஓர் இடத்தில். அதுவரை இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படித்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்து, தலைகீழாகப் புரட்டி, ஜப்பானிய மொழியில் வைப்பேன். ஒரு நாள் கோட்டை அகழி ஓரம் நடந்துகொண்டே ஒலியைக் கேட்கும்போது ஒரு வாக்கியம் அப்படியே தமிழாகக் காதில் விழுந்தது. 'கினோ கத்தா குசுரி'. நேற்று வாங்கிய மருந்து. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆங்கிலத்தில் அதை மருந்தில் தொடங்கி நேற்றில் முடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 'தாபெதே' என்றால் சாப்பிட்டு, 'மிரு' என்றால் பார். 'தாபெதே மிரு', சாப்பிட்டுப் பார். ஆங்கில விளக்கத்தில் இதற்கு அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். 'ஓகு' என்றால் வை. 'ஷிதே ஓகு', செய்து வை. முன்கூட்டியே தயாராகச் செய்து வைப்பது என்கிற அதே பொருள். 'தாபெதே இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிரு, 'தாபெதே ஷிமாவு' என்றால் சாப்பிட்டுவிடு. யாரோ சொன்னதைச் சொல்லும்போது நாம் 'என்று' போடுகிற இடத்தில் அவர்கள் 'தோ' போடுகிறார்கள். 'ஐ', 'கு', 'இல்' எல்லாம் நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்களும் பின்னால்தான் ஒட்டுகிறார்கள். 'கோரே, சோரே, ஆரே, தோரே' என்று நான்கு சுட்டு. இது, அது, எது நமக்குத் தெரியும். நடுவில் வருகிற, கேட்பவர் பக்கத்தில் இருக்கிற 'சோரே' புரியாமல் இருந்தது. தமிழிலும் 'உது' என்று ஒன்று உண்டு, யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிறார்கள் என்று எங்கள் பள்ளித் தமிழய்யா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எனக்குத் தேவைப்படவில்லை. தமிழில் யோசித்து, அதே வரிசையில் சொல்லை மட்டும் மாற்றினால் பேச்சு வருகிறது, அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலம் சரியாக வராது என்பதால் தயங்கி நிற்கிற தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மொழிக்கு ஆங்கிலம் சுற்றுவழி, உங்களுக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒரு பாதை இருக்கிறது. முழுக்கப் பொருந்தாத இடங்களும் உண்டு. 'வா', 'கா' (கேள்வியில் வரும் 'கா' இல்லை, 'காந்தி'யின் கா) என்ற இரண்டு உருபுகளுக்கு நேரான தமிழ் கிடையாது, அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வினையின் வாலில் அவன், அவள், நான் எதுவும் தெரியாது. 'இமாஸ்', 'அரிமாஸ்' என்று உயிருள்ளதுக்கு ஒரு 'இருக்கிறது', உயிரற்றதுக்கு ஒன்று.

சொற்களுக்கு ஆன்கி, அட்டைகளைக் காட்டி நினைவூட்டும் ஒரு ஆப். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். யாரோ செய்த இரண்டாயிரம் சொல் அட்டைகளை இறக்கிக்கொண்டு மூழ்கிப் போகாதீர்கள், எனக்கு முதலில் அதுதான் நடந்தது. நீங்கள் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன வாக்கியத்தை மட்டும், ஒலியோடு, முழு வாக்கியமாகப் போடுங்கள். நாளைக்குப் பத்து போதும். என் முதல் அட்டை 'யாகின்', நைட் டியூட்டி.

இவ்வளவும் தனியாகச் செய்யலாம். பேசுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும், அதற்கு மட்டும் பணம் செலவு செய்யுங்கள். ஐடாக்கி போன்ற தளங்களில் ஆசிரியரை நாமே பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாகக் கட்டலாம். எனக்கு அரை மணி நேரத்துக்கு 550 ரூபாய் ஆனது. வாரத்துக்கு ஒன்று, மாதம் 2,200. முதல் மூன்று வகுப்பும் முடிந்ததும் அழுதேன், அவ்வளவு திணறல். நான்காவது வகுப்புக்கு முன் சென்செய்யிடம், அதாவது ஆசிரியரிடம், மூன்று விஷயம் எழுதிக் கேட்டேன். ஆங்கிலம் வேண்டாம், நடுவில் திருத்த வேண்டாம், கடைசி ஐந்து நிமிடத்தில் மொத்தமாகத் திருத்துங்கள். தலைப்பையும் நானே கொடுத்தேன். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது என்ன சொல்ல வேண்டும், 'எங்கே வலிக்கிறது' என்று எப்படிக் கேட்பது. நீங்கள் தலைப்பு கொடுக்காவிட்டால் வானிலையும் பொழுதுபோக்கும் பேசி அரை மணி போய்விடும்.

காசில்லாமல் பேச மொழிப் பரிமாற்ற ஆப்களும் இருக்கின்றன. பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேவையில்லாத செய்திகள் வரும். பெண்களோடு மட்டும் பேசும்படி அமைப்பை மாற்றி வைத்துக்கொண்டு, சொந்தப் படமோ எண்ணோ தராதீர்கள். பத்துப் பதினைந்து பேரிடம் பேசிப் பார்த்த பிறகு, ஆங்கிலம் பழக விரும்பிய ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் கிடைத்தார். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் மாலை ஐந்து மணி, அவர்களுக்கு இரவு எட்டரை. டியூட்டி முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். முதலில் முழுக்க ஆங்கிலத்திலேயே ஓடியது, என் ஜப்பானிய மொழியைவிட அவர் ஆங்கிலம் மேலாக இருந்ததால். பிறகு போனில் அலாரம் வைத்து, பதினைந்து நிமிடம் அது, பதினைந்து நிமிடம் இது என்று பிரித்துக்கொண்டோம். அதன் பிறகுதான் பலன் தெரிந்தது.

அவர்தான் எனக்கு எந்தப் புத்தகமும் அழுத்திச் சொல்லாத ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அவர் பேசும்போது நான் மரியாதைக்காக அமைதியாகக் கேட்பேன். 'நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, புரிகிறதா இல்லையா?' என்றார். நாம் போனில் 'ம்', 'அப்படியா', 'சரிங்க' என்று போடுவோமே, அவர்களும் இடைவிடாமல் போடுகிறார்கள். 'ஹாய்', 'சோ தெஸ் கா', 'நருஹோதோ'. அங்கே 'ஹாய்' என்பது பல சமயம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதுதான். கூடவே இரண்டு வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகுங்கள். 'மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்', இன்னொரு முறை சொல்லுங்கள். 'யாகின் தோ வா நன் தெஸ் கா', யாகின் என்றால் என்ன? அந்த மார்ச் மாத நேர்காணலில் இந்த இரண்டில் ஒன்று வாயில் வந்திருந்தால் போதும். எண்களும் அப்படியே. அவர்கள் பத்தாயிரத்தை 'மன்' என்று ஓர் அலகாக எண்ணுகிறார்கள், நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மன். சம்பளம் பேசும்போது தடுமாறாமல் இருக்க, கடை ரசீதுகளைப் பார்த்துப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன்.

ஒன்பது மாதம். 2023 டிசம்பரில் என்4 எழுதித் தேறினேன், இந்த முறை கேட்டலில் 41. 2024 பிப்ரவரியில் வேறொரு நேர்காணல், அதே முன்னறை, ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. நைட் டியூட்டி பற்றிய கேள்வி வந்தது. மாதம் எட்டு முறை, ஒரு வார்டுக்கு இரண்டு பேர், விடியற்காலை நான்கு மணிதான் கஷ்டம் என்று சொன்னேன். புரியாத இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்டேன், அவர்கள் சலிக்காமல் சொன்னார்கள். வேலூரில் வெயில் எப்படி என்று ஒருவர் கேட்டார். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்றதும் மூன்று பேரும் ஒரே குரலில் 'ஏஏ!' என்றார்கள். நாற்பத்தைந்து நிமிடம் பேசினோம்.

தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆவணங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இல்லம் இருப்பது ஒசாகா பக்கம். அங்கே பெரியவர்கள் பேசுவது பாடப் புத்தகத்து மொழி இல்லை. 'கூடாது' என்பதற்கு நான் படித்தது 'தாமே', அவர்கள் சொல்வது 'அகான்'. நன்றிக்கு 'ஓகினி', எவ்வளவு என்பதற்கு 'நம்போ'. 'என்ன' என்று புத்தகத்தில் படித்துவிட்டு எங்கள் ஊருக்கு வருகிறவர் 'இன்னா' என்று கேட்டால் விழிப்பார் இல்லையா, அந்த நிலையில்தான் இப்போது இருக்கிறேன். அந்த ஓய்வுபெற்ற அம்மாவின் தோழி ஒருவர் ஒசாகாக்காரராம். ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் என்னோடு பேசச் சம்மதித்திருக்கிறார். இந்த வாரம் முதல் வகுப்பு, கேட்க வேண்டிய சொற்களை எழுதி வைத்திருக்கிறேன்.